ஹாம் கிளப்பில் முதல் வருடம்: நெட், நரி வேட்டை, கான்டெஸ்ட்

உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக வானலையில் பேசிக்கொள்கிறவர்கள்தான் ஹாம்கள். ஹாம் ரேடியோ கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "எந்த செட் வாங்கலாம் சார்?" செட், அதாவது பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ, அப்புறம் வரட்டும். மதுரையில் நான் சேர்ந்தபோது என்னிடம் உரிமம் இல்லை. அதனால் முதல் சில மாதங்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்பது மட்டும்தான் வேலை. அப்போது பழகிய காதுதான் இன்றுவரை சோறு போடுகிறது. வாராந்திர நெட் என்ற வானலைக் கூட்டம், ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடும் நரி வேட்டை, உலகப் போட்டி என்று கிளப்பில் எதில் இறங்கினாலும், நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்தான் முன்னால் நிற்கிறார். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

முதலில் கேளுங்கள், கூடவே உரிமத்துக்கு எழுதுங்கள்

கேட்பதற்கு எஸ்.எஸ்.பி. வசதி (ஹாம்கள் குரல் அனுப்பும் முறையைப் பிடிக்கும் வசதி) உள்ள ஷார்ட்வேவ் ரேடியோ ஒன்று போதும். இல்லையென்றால் கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகி, கணினியையே ரிசீவராக்கும் எஸ்.டி.ஆர். டாங்கிள் வாங்கலாம். அதுவும் வேண்டாம் என்றால், வெப் எஸ்.டி.ஆர். என்ற பெயரில் பலர் தங்கள் ரிசீவர்களை இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறார்கள். காலையில் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். இதுதான் 40 மீட்டர் பேண்ட், அந்த அலைநீளத்தை ஒட்டி ஹாம்களுக்கு ஒதுக்கிய பகுதி. நம் நாட்டு ஹாம்களின் காலை நேர நெட்டுகள் பல இங்கேதான் நடக்கும். குரல் வாத்து கத்துவது போல இருந்தால், செட்டை லோயர் சைடுபேண்ட் என்ற எஸ்.எஸ்.பி. நிலையில் வைத்து நூலளவு திருப்புங்கள். திடீரென்று ஒரு மனிதர் உங்கள் அறைக்குள் உட்கார்ந்து பேசத் தொடங்குவார்.

பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். நேரம், அலைவரிசை, அழைப்புக்குறி (ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய அடையாளக் குறி), கேட்ட செய்தி என்று நான்கு பத்தி போதும். வி.யூ. என்று தொடங்கினால் இந்தியா, 4எஸ்7 என்றால் இலங்கை, ஜே.ஏ. ஜப்பான், 9வி1 சிங்கப்பூர், 9எம்2 மேற்கு மலேசியா. ஒரே மாதத்தில் குறியின் முதல் இரண்டு எழுத்தைக் கேட்டதுமே நாட்டைச் சொல்லிவிடுவீர்கள்.

உரிமம் தருவது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. சரல் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம், எந்தப் படிப்பும் படித்திருக்கத் தேவையில்லை. தேர்வில் இரண்டு நிலை உண்டு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் போதும். அதில் தேறினால் வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். ஜெனரல் கிரேடுக்கு இவற்றோடு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில், புள்ளியும் கோடுமான ஒலிகளால் எழுத்தை அனுப்பும் மோர்ஸும் தெரிய வேண்டும், அதற்கு வி.யூ.2. ராஜீவ் காந்தியின் குறி வி.யூ.2.ஆர்.ஜி. என்பதைச் சொன்னால் எங்கள் வகுப்புக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

விதிமுறைப் பகுதியை அலட்சியம் செய்யாதீர்கள். ஓம் விதியில் கெட்டிக்காரர்களாக இருக்கிற பொறியியல் மாணவர்கள், க்யூ குறியீடுகளை (க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்களை) மனப்பாடம் செய்யாமல் மதிப்பெண்ணைக் கோட்டை விடுவதைப் பார்த்திருக்கிறேன். தேர்வு எழுதியபின் உரிமம் கைக்கு வரப் பொறுமை வேண்டும். அதுவரை மலிவாகக் கிடைக்கிறதே என்று கையடக்க செட்டை வாங்கிப் பேச்சுப் பொத்தானை அழுத்திப் பார்க்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். கிளப்புக்கும் கெட்ட பெயர்.

நெட்டில் வாய் திறப்பது

நெட் என்பது குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் எல்லோரும் கூடும் திண்ணை. ஒருவர் நெட் கன்ட்ரோலாக இருந்து வரிசையாகப் பேசவிடுவார். உள்ளூர் நெட் பெரும்பாலும் 2 மீட்டர் பேண்டில், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸுக்குள், உயரமான இடத்தில் வைத்த ரிப்பீட்டர் வழியாக நடக்கும். ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்டு, இன்னொன்றில் திருப்பிச் சொல்லும். இரண்டுக்கும் நடுவே வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. சில ரிப்பீட்டர்களுக்குத் திறவுகோல் போல ஒரு டோனும் சேர்த்து அனுப்ப வேண்டும். இந்த இரண்டையும் செட்டில் ஏற்ற முதல் தடவை யாருடைய உதவியாவது கேளுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

புதியவர்கள் எல்லோருமே செய்யும் தவறு ஒன்று உண்டு. பொத்தானை அழுத்திய அதே நொடியில் பேசிவிடுவார்கள். ரிப்பீட்டர் விழித்துக்கொள்வதற்குள் அழைப்புக்குறியின் முதல் எழுத்து காணாமல் போயிருக்கும். அழுத்துங்கள், ஒரு நொடி பொறுங்கள், "விக்டர் யூனிஃபார்ம் த்ரீ..." என்று (வி-க்கு விக்டர், யூ-வுக்கு யூனிஃபார்ம்) குறியை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள், பொத்தானை விடுங்கள். முதல் நாள் அவ்வளவு போதும். நெட் கன்ட்ரோல் உங்கள் குறியைத் திருப்பிச் சொன்னால் நீங்கள் பதிவாகிவிட்டீர்கள். உங்கள் முறை வரும்போது பெயர், ஊர், கேட்கும் சிக்னலின் தரம் இவற்றைச் சொல்லி, 73 சொல்லி முடித்துவிடலாம். 73 என்றால் ஹாம் மொழியில் வாழ்த்து.

ஒருவர் பேசி முடித்ததும் உடனே தொடராமல் இரண்டு நொடி விடுங்கள். அந்த இடைவெளி அவசரச் செய்தி உள்ளவருக்கானது. யாரோ நெடுஞ்சாலையில் விபத்தைப் பார்த்துவிட்டு, "பிரேக், பிரேக்" என்று நுழைய வேறு வழியே கிடையாது.

நரி வேட்டைக்கு ஆன்டெனா செய்வது

கிளப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒருவர் சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றை எங்காவது ஒளித்து வைப்பார். அதுதான் நரி. சில நொடிகளுக்கு ஒருமுறை அது பீப் ஒலியோ அழைப்புக்குறியோ அனுப்பும். திசை காட்டும் ஆன்டெனாவோடு நடந்தே போய் அதை முதலில் தொட்டவர் வென்றவர். வெறுமனே கேட்பதால் உரிமம் இல்லாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். குடும்பத்தோடு வந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

ஆன்டெனாவை நீங்களே செய்யுங்கள். தச்சர் வைத்திருக்கும் இரும்பு அளவுநாடா, அரை இஞ்ச் பி.வி.சி. குழாய், நான்கைந்து ஹோஸ் கிளாம்ப், ஆன்டெனாவை செட்டோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிள் கொஞ்சம் இருந்தால் ஒரு ஞாயிறு காலையில் முடிந்துவிடும். நாடா வளைந்து கொடுக்கும், முள்வேலிக்குள் புகுந்தாலும் மறுபடி நிமிர்ந்துகொள்ளும் என்பதால்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மூன்று துண்டு வேண்டும். பின்னால் நிற்கும் ரிஃப்ளெக்டர் 105 செ.மீ., முன்னால் நிற்கும் டைரக்டர் 89 செ.மீ. நடுவில் இருக்கும் டிரிவன் எலிமென்ட் இரண்டு பாதி, ஒவ்வொன்றும் 45 செ.மீ., இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டரை செ.மீ. இடைவெளி. ரிஃப்ளெக்டருக்கும் நடுத்துண்டுக்கும் தூரம் 20 செ.மீ., நடுத்துண்டுக்கும் டைரக்டருக்கும் 32 செ.மீ. கோஆக்ஸின் நடுக்கம்பியை ஒரு பாதியிலும் வலையை மறு பாதியிலும் பற்ற வையுங்கள். 12 அல்லது 13 செ.மீ. கம்பியை ஹேர்பின் போல வளைத்து, அதன் இரு முனைகளையும் அதே இரண்டு இடங்களில் சேர்த்துப் பற்ற வையுங்கள்.

நாடாவின் மஞ்சள் பெயின்டை உப்புத்தாள் போட்டு வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்க்காவிட்டால் ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடும். வெட்டிய முனைகள் பிளேடு போல இருக்கும். மூலைகளை வட்டமாக நறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அன்றைக்கே யாராவது கையைக் கிழித்துக்கொள்வார்கள்.

வேட்டை நாளில்

எங்கள் வேட்டைகளில் ஒன்று கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் நடந்தது. தாமரைக்குளத்தின் கரையில் நின்று ஆன்டெனாவைச் சுழற்றினேன். நரியின் ஆன்டெனா செங்குத்தாக இருந்ததால் என்னுடையதையும் நாடா மேலும் கீழுமாக நிற்கும்படி பிடித்தேன். மலையைப் பார்த்து நீட்டியபோது செட்டின் சிக்னல் மீட்டர் உச்சிக்கு ஏறியது. நேராகப் பாறையை நோக்கி நடந்தேன். ஏறவும் இறங்கவும் முக்கால் மணி நேரம் போனது. நரி அங்கே இல்லை. பாறை அலையை எதிரொலித்திருக்கிறது, நான் எதிரொலியைத் துரத்தியிருக்கிறேன். என்னோடு வந்த பதிமூன்று வயதுப் பெண் குளத்தின் இந்தக் கரையில் ஒருமுறை, அந்தக் கரையில் ஒருமுறை திசை பார்த்து, காகிதத்தில் இரண்டு கோடு போட்டாள். கோடுகள் வெட்டிய இடம் ஆலமரம். விழுதுகளுக்கு நடுவே, பச்சைச் சணலில் கட்டிய பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் நரி கத்திக்கொண்டிருந்தது.

அதனால் ஒரே இடத்தில் பார்த்த திசையை நம்பி நடக்காதீர்கள். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று இடத்தில் பார்த்து வரைபடத்தில் கோடு போடுங்கள். பாறை, தகரக் கொட்டகை, பேருந்து எல்லாமே பொய் சொல்லும்.

நரிக்கு அருகில் போனதும் வேறு சிக்கல் வரும். எந்தப் பக்கம் திருப்பினாலும் மீட்டர் முழுதாக நிற்கும், திசையே தெரியாது. இதற்கு மூன்று வழி உண்டு. அலைவரிசையை 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வையுங்கள், சிக்னல் மெலியும். அது போதாவிட்டால் நரி 145.000-ல் இருக்கும்போது செட்டை 435.000-க்கு மாற்றுங்கள். மூன்று மடங்கு அலைவரிசையில் கசியும் மெல்லிய ஒலி, பக்கத்தில் வந்தால்தான் கேட்கும். மூன்றாவது வழிக்கு ஆன்டெனாவே வேண்டாம். செட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். எந்தப் பக்கம் பார்க்கும்போது ஒலி மிகவும் மங்குகிறதோ, நரி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உங்கள் உடம்பே அலையை மறைக்கிறது.

இதையே ஓட்டப்பந்தயமாக உலக அளவில் நடத்துகிறார்கள். பெயர் ஏ.ஆர்.டி.எஃப். முதல் உலகப் போட்டி 1980-ல் போலந்தில் நடந்தது. காட்டுக்குள் ஐந்து நரிகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடம் மட்டும் பேசும். மோர்ஸில் எம், ஓ என்ற இரண்டு எழுத்துக்குப் பிறகு முதல் நரி ஒரு புள்ளி, இரண்டாவது நரி இரண்டு புள்ளி, இப்படி ஐந்துவரை. புள்ளியை எண்ணத் தெரிந்தால் போதும், மோர்ஸ் தெரியாதவரும் ஓடலாம்.

முதல் கான்டெஸ்ட்

குறித்த நேரத்துக்குள் எத்தனை நிலையங்களோடு, எத்தனை நாடுகளோடு தொடர்பு கொள்கிறீர்கள் என்பதே கான்டெஸ்ட். முதலில் கிளப் நிலையத்தில், உரிமம் உள்ள மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு லாக், அதாவது தொடர்புகளின் பதிவேடு, எழுதிக் கொடுங்கள். ஒரு போட்டி முழுக்க எழுதினால், அடுத்ததில் மைக்கைப் பிடிக்கக் கை நடுங்காது.

நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டியவை சில. சி.க்யூ. வேர்ல்டு வைடு போட்டி குரலில் அக்டோபர் கடைசி முழு வார இறுதியிலும், மோர்ஸில் நவம்பர் கடைசி முழு வார இறுதியிலும் 48 மணி நேரம் நடக்கும். சி.க்யூ. டபிள்யூ.பி.எக்ஸ். மார்ச்சிலும் மே மாதத்திலும். ஐ.ஏ.ஆர்.யூ. எச்.எஃப். சாம்பியன்ஷிப் ஜூலை இரண்டாம் முழு வார இறுதியில் 24 மணி நேரம். ஜப்பான் சங்கம் நடத்தும் ஆல் ஏஷியன் போட்டியில் சிக்னல் அறிக்கையோடு உங்கள் வயதையும் சொல்ல வேண்டும். எதிர்முனையில் ஒருவர் தெளிவான குரலில் "எய்ட்டி ஒன்" என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்துவிடும்.

எல்லாப் போட்டிக்கும் நேரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரக் கணக்குதான். நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை 0000 யு.டி.சி. என்றால் நமக்குச் சனி காலை 5.30. முடிவது திங்கள் விடியற்காலை. கணினியில் யு.டி.சி. சரியாக இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே பாருங்கள். நேரம் தப்பான லாக்கில் உள்ள தொடர்புகள் எதிர்முனை லாக்கோடு பொருந்தாது, இரண்டு நாள் உழைப்பும் வீணாகும். லாக் எழுத என்1.எம்.எம். லாகர் பிளஸ் என்ற இலவச மென்பொருளைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள்.

சி.க்யூ. வேர்ல்டு வைடில் ஒரு தொடர்பு இப்படித்தான் இருக்கும். ஒரு ஐரோப்பிய நிலையம் கூப்பிடுகிறது. நீங்கள் உங்கள் முழு அழைப்புக்குறியை ஒரே ஒருமுறை சொல்கிறீர்கள். அவர் உங்கள் குறியைச் சொல்லி "ஃபைவ் நைன் ஒன் ஃபோர்" என்கிறார். 59 சிக்னல் அறிக்கை, 14 அவருடைய மண்டலம் (போட்டிக்காக உலகைப் பிரித்த பகுதிகளில் அவருடையது). நீங்கள் "ஃபைவ் நைன் டூ டூ" என்கிறீர்கள், இந்தியாவின் மண்டலம் 22. "தேங்க்யூ" என்று அவர் அடுத்தவருக்குப் போய்விடுகிறார். எல்லாம் பத்து நொடிக்குள். ஊர், பெயர், வானிலை எதுவும் கேட்கக் கூடாது, அவர் அவசரத்தில் இருக்கிறார்.

மதிப்பெண் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னை நண்பரோடு பேசினால் 0 புள்ளி, ஒரே நாடு என்பதால். அதைவிடப் பக்கத்தில் இருக்கும் இலங்கைக்குப் பேசினால் 1 புள்ளி, வேறு நாடு, ஒரே கண்டம். வேறு கண்டம் என்றால் 3. புள்ளிகளின் கூட்டுத்தொகையை, ஒவ்வொரு பேண்டிலும் தொடர்பு கிடைத்த நாடுகள், மண்டலங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 40 தொடர்பு வெளிக்கண்டம், 20 தொடர்பு ஆசியா என்றால் 140 புள்ளி. அதில் 30 நாடும் 10 மண்டலமும் கிடைத்திருந்தால் 140 பெருக்கல் 40, மொத்தம் 5,600. ஆகவே ஒரே நாட்டை விடாமல் பிடிப்பதைவிடப் புதிய நாட்டைத் தேடிப் போவதே லாபம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது, ஞாயிற்றுக்கிழமைக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். சனிக்கிழமை பெரிய நிலையங்களைச் சுற்றிக் கூட்டம் நெரியும், உங்கள் குரல் எடுபடாது. ஞாயிறு மதியத்துக்குமேல் அவர்கள் கிடைக்கக்கூடிய எல்லோரையும் பிடித்து முடித்து, புதிய குறிக்காகக் கத்திக்கொண்டிருப்பார்கள். அப்போது டைபோல் என்ற சாதாரணக் கம்பி ஆன்டெனாவில் கூப்பிட்டாலும் காது கொடுப்பார்கள். நம் பக்கம் 15, 10 மீட்டர் பேண்டுகளில் காலையில் ஜப்பான், ஆஸ்திரேலியா திசையும், பிற்பகலில் இருந்து ஐரோப்பாவும் திறக்கும். இருட்டிய பிறகு 40 மீட்டருக்கு இறங்கிவிடுங்கள்.

அந்த டைபோலின் நீளம் மீட்டரில் வேண்டுமானால் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 7.1-க்கு ஏறக்குறைய 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்துப் பத்தாக. கொஞ்சம் கூடுதலாக வெட்டி, அளந்து பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டினால் அழகாக நிற்கும். மின்கம்பி போகும் பக்கம் மட்டும் கயிற்றைக்கூட வீசாதீர்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. அக்டோபரும் நவம்பரும் வடகிழக்குப் பருவமழைக் காலம், பெரிய போட்டிகளும் அப்போதுதான். இடி தொலைவில் உறுமத் தொடங்கினாலே கோஆக்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். எத்தனை நாடு மிச்சம் இருந்தாலும் சரி. போட்டி அடுத்த வருடமும் வரும்.

முடிந்ததும் லாக்கை கப்ரில்லோ என்ற கோப்பு வடிவத்தில் போட்டித் தளத்தில் ஏற்றுங்கள். சி.க்யூ. வேர்ல்டு வைடுக்கு ஐந்து நாள்தான் கெடு. பத்தே தொடர்பு இருந்தாலும் அனுப்புங்கள், உங்கள் லாக்கை வைத்துத்தான் மற்றவர்களின் லாக்கைச் சரிபார்க்கிறார்கள்.

மற்றவை

அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் சாரணர்களுக்கான வானலைக் கூடலான ஜோட்டா வரும், பக்கத்துப் பள்ளியில் நிலையம் அமைக்க ஆள் தேவைப்படும். ஆகஸ்டில் கலங்கரை விளக்கங்களிலிருந்து பேசும் வார இறுதி ஒன்று உண்டு. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்குமேல் போகும்போது 145.800-ல் சில நாட்களில் படங்கள் அனுப்பும், கையடக்க செட்டும் கைப்பேசியும் இருந்தாலே பிடிக்கலாம். 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ஏவிய ஹாம்சாட், நம் நாடு ஹாம்களுக்கென்றே செய்து அனுப்பிய செயற்கைக்கோள். 2014 வரை வேலை செய்தது. அதன் வழியாகப் பேசிய மூத்தவர்கள் கிளப்பில் இருந்தால் உட்காரவைத்துக் கதை கேளுங்கள்.

பேரிடர்ப் பயிற்சி

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவோடு அந்தமான் போயிருந்தார். உலக ஹாம்களுக்கு அரிதாகக் கிடைக்கும் தீவிலிருந்து பேசுவதுதான் நோக்கம். 26-ம் தேதி நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. அதே செட், அதே ஆன்டெனா அன்றைக்கே அவசரத் தொடர்பு நிலையமாக மாறியது. போட்டி நாளில் பழகும் வேலைதான் அன்றும் நடந்தது: இரைச்சலுக்குள் ஒரு குரலைப் பிடிப்பது, தப்பில்லாமல் எழுதுவது, திருப்பிச் சொல்வது.

எங்கள் பயிற்சியில் ஒருவர் அடுத்த அறையிலிருந்து ரேடியோவில் மருந்துப் பட்டியல் வாசிப்பார். இந்தப் பக்கம் எழுத வேண்டும். தமிழில் வாசிக்கும்போது முதலில் சிக்கிக்கொள்வது எண்கள்தான். இரைச்சலில் "இருபது" எது, "அறுபது" எது என்று தெரியாது. அதனால் "ஆறு, பூஜ்யம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழகுங்கள். யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை மணிக்கு, மொத்தம் எத்தனை சொல் என்பது செய்தியின் தலைப்பில் இருக்க வேண்டும். எழுதியவர் முழுதையும் திருப்பி வாசித்து, சொற்களை எண்ணி, அனுப்பியவர் "சரி" என்று சொன்ன பிறகே செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

வீட்டில் ஒரு பெட்டி தயாராக இருக்கட்டும். கையடக்க செட், கூடுதல் பேட்டரி, 12 வோல்ட்டில் சார்ஜ் செய்யும் ஒயர், நாடா ஆன்டெனா, டார்ச், மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்ட நோட்டு, இரண்டு பென்சில். பேனா வேண்டாம், ஈரத்தாளில் எழுதாது. பேட்டரியை மாதம் ஒருமுறை சார்ஜ் செய்து, அன்றைய தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுங்கள்.